கொள்கலனும் தஞ்சோங் பகாரும்

1972-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ராட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களைச் சுமந்து வந்த ‘நிஹோன்’ என்னும் கப்பல் தஞ்சோங் பகாரை அடைந்தது. சிங்கப்பூரின் முதற் கொள்கலன் முனையம் அன்று பணி தொடங்கிற்று. துறைமுக வரலாற்றை எழுதுவோர் கப்பலின் பெயரை மறவாது குறிப்பர். அப்பெட்டிகளின் மூலைகளை நோக்கியோர் சிலரே.

பெட்டியில் சரக்கை அடைத்தனுப்பும் எண்ணம் பழையது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியபோதே அதன் முழுப்பயன் புலனாயிற்று. தொல்லையும் உடன் தொடங்கிற்று. அவருடைய நிறுவனத்தின் பெட்டி 35 அடி நீளம். மேட்சன் நிறுவனத்தின் பெட்டி 24 அடி. ஒன்றுக்கெனச் செய்த கருவி மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. ஊருக்கொரு படி வழங்கிய பழைய சந்தையை ஒத்தது அந்நிலை.

1961-இல் அனைத்துலகத் தர நிர்ணய நிறுவனம் இதற்கெனத் தனிக்குழு அமைத்தது. 10, 20, 30, 40 அடி என நீளங்கள் வகுக்கப்பட்டன. மேற்சொன்ன இரு நிறுவனங்களின் அளவுகளும் அவற்றில் இடம்பெறவில்லை! நீளத்தினும் சிக்கலானது மூலை. பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையுடைய எஃகு வார்ப்புகள் உண்டு. பாரந்தூக்கியின் பூட்டு அத்துளையில் நுழைந்து, திரும்பி, பெட்டியைப் பற்றும். கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளைப் பிணைப்பதும் அத்துளையே. மெக்லீனிடம் பணியாற்றிய பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் உருவாக்கிய அமைப்புக்கு நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. பொதுநலன் கருதி அவ்வுரிமையை விட்டுக்கொடுக்குமாறு டான்ட்லிங்கர் வற்புறுத்தினார், மெக்லீன் இசைந்தார். அவ்வமைப்பைத் தழுவிய வடிவம் 1965-இல் ஏற்கப்பட்டது. பின்னர் நடந்த சோதனைகளில் மூலைவார்ப்புகள் பாரம் தாங்காது பழுதுற்றமையால், 1967-இல் அது திருத்தப்பட்டது. ஏற்ற முடிவையும் சோதனைக்கு உட்படுத்தித் திருத்தியதே இவ்வரலாற்றில் போற்றத்தக்க பகுதி எனலாம்.

இவ்விவாதங்கள் முற்றும் ஓயாத காலத்திலேயே, ஹவ் யூன் சோங் தலைமையிலான சிங்கப்பூர்த் துறைமுக ஆணையம் உலக வங்கிக் கடனுடன் கொள்கலன் முனையத்தில் முதலிட முற்பட்டது. துணிவான செயலே. 1990-இல் சிங்கப்பூர் உலகின் முதன்மையான கொள்கலன் துறைமுகமாயிற்று. 1970களில் நாடு அடியை விட்டு மீட்டருக்கு மாறியது. பெட்டி மட்டும் இன்றும் 20 அடி என்றே வழங்கப்படுகிறது.

தஞ்சோங் பகார்த் துறையில் சுமை தூக்கியோருள் தமிழர் பலர். அரிசி மூட்டை, ரப்பர்க் கட்டு, வெள்ளீயக் கட்டி என ஒவ்வொன்றின் வடிவும் எடையும் வேறு. எதை எங்கு அடுக்கினால் சரக்கு சரியாது என்பதை அவர்தம் கையும் தோளும் அறிந்திருந்தன. அவ்வறிவை எக்குழுவும் ஏட்டில் பதியவில்லை. பெட்டி வந்தபின் யாரும் அதனைக் கேட்கவுமில்லை.

2022-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநரில்லா ஊர்திகள் பெட்டிகளைச் சுமந்து செல்கின்றன. அங்கும் பாரந்தூக்கிகள் பற்றுவது அந்த மூலைத்துளைகளைத்தான்.