தனியாட்டத்தின் விலை: ஒரே பெயரில் இரண்டு விளையாட்டுகள்

ஒரு மிகுபுனைவு வேடமேற்பு விளையாட்டை, கூட்டாளிகள் இல்லாமல், இணையத்திலும் சேராமல், தனியே ஆடுவதற்காக மட்டும் முழு விலை கொடுத்து வாங்கலாமா? வாங்குவோர் இதற்குப் பெரும்பாலும் வகுத்தல் கணக்கில் விடை தேடுகிறார்கள். இத்தனை டாலர், இத்தனை மணி நேரக் கதை, ஆக மணிக்கு இவ்வளவு. இந்தக் கணக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்ல ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரில் இரண்டு விளையாட்டுகள் வந்தன. முதலாவதில் தனியாட்டம் என்ற ஒன்றே கிடையாது. இரண்டாவதில் அது இருந்தது. ஆனால் அது எதற்காக இருந்தது என்பதில்தான் சிக்கல்.

முதலில் சொல்லைப் பார்ப்போம் (மொழியியல் படித்தவரின் பழக்கம், பொறுத்துக்கொள்க). பிராய்லர் கோழி வரும்வரை ‘நாட்டுக்கோழி’ என்ற சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை. கோழி என்றாலே போதுமானதாக இருந்தது. கைப்பேசி வந்த பிறகே வீட்டுத் தொலைபேசி ‘தரைவழி’ ஆயிற்று. புதியது ஒன்று வந்து பழையதற்கு அடைமொழி சுமத்தும் இத்தகைய பெயர்களைப் பின்னோக்குப் பெயர்கள் எனலாம். ‘தனியாட்டம்’ என்பதும் இவ்வகையே என்று சட்டென்று தோன்றும். ஆனால் அதன் கதை சற்றுக் கோணலானது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கூட்டு விளையாட்டு. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார், மற்றவர்கள் பாத்திரமேற்பார்கள். அங்கே தனியாக ஆடுவது இயல்புக்கு மாறானது. எனவேதான் 1976இல் ‘டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்’ விளையாட்டுக்காக வந்த ‘பஃபலோ காசில்’ என்ற சிறு நூலை, தனியொருவருக்கானது என்று அடைமொழியிட்டே அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. 1981இல் ‘அல்டிமா’, ‘விசர்ட்ரி’ இரண்டும் வீட்டுக் கணினிக்கு வந்தபோது நிலை தலைகீழானது. கணினியே நடத்துநர் ஆகிவிட்டது. ஒருவர் அமர்ந்து ஆடுவதே இயல்பு. அதற்கு அடைமொழி வேண்டியதில்லை. பின்னர் இணைய ஆட்டங்கள் பெருகியபோது தனியாட்டம் மறுபடியும் அடைமொழி பெற்றது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரே செயல் விலக்காகவும், இயல்பாகவும், மீண்டும் விலக்காகவும் இடம் மாறியது. ‘தனியாட்டம் விலைக்குத் தகுமா’ என்ற கேள்வி இந்த மூன்றாம் கட்டத்துக்குரியது. 1981இல் அதைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது.

மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது? முதல் ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ 1991இல் அமெரிக்கா ஆன்லைன் சேவையில் தொடங்கியது. டான் டாக்லோவின் ஸ்டார்ம்ஃபிரண்ட் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. வரைபடக் காட்சிகளோடு பலர் ஒரே உலகில் ஆடும் வேடமேற்பு விளையாட்டுகளில் மிக முந்தியவற்றுள் ஒன்று. தொடக்கக் கட்டணம் மணிக்கு 6 டாலர். இரவுக்கு இரண்டு மணி நேரம் ஆடுபவர் 30 நாளில் 360 டாலர் செலுத்தியாக வேண்டும். அங்கே நேரமே விலை. எவ்வளவு மெதுவாக ஆடினீர்களோ அவ்வளவு நட்டம். அந்தக் காலத்து வெளியூர்த் தொலைபேசி அழைப்பைப் போல. 1996 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன் மாதம் 19.95 டாலர் என்ற ஒரே கட்டணத்துக்கு மாறியது. 1997 ஜூலையில் விளையாட்டு நிறுத்தப்பட்டது. மணிக்கணக்கு வருவாய் மறைந்து எட்டு மாதங்களுக்குள் ஓர் உலகம் அணைந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். இன்று நாம் போடும் ‘மணிக்கு எத்தனை டாலர்’ கணக்கு அந்தச் சேவைக் கட்டணத்தின் எச்சம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வாடகைக்கான அளவுகோலை விற்பனைப் பொருள்மீது வைக்கிறோம்.

இரண்டாவது ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ 2002 ஜூனில் வந்தது. கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கியது, இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்டது. பெட்டிக்குள் மூன்று பொருள்கள் இருந்தன: தனியாட்டக் கதை ஒன்று, புதிய கதைகளையும் நிலப்பரப்புகளையும் வாங்கியவரே உருவாக்குவதற்கான ‘அரோரா’ கருவித்தொகுப்பு, மனிதர் ஒருவர் ஆட்ட நடத்துநராக உள்நுழைந்து, அரக்கர்களின் உடலில் புகுந்து பேசவும் காட்சிகளை அந்தக் கணத்தில் மாற்றவும் இடம்தரும் தனி மென்பொருள். ஒரு சர்வரில் 64 பேர்வரை ஆடலாம். 1974இன் மேசையைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சி இது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், மெட்டாகிரிட்டிக் தொகுப்பில் அதன் மதிப்பெண் 91. அந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி, பெட்டிக்குள் இருந்ததற்கல்ல, பெட்டியிலிருந்து பிறக்கக்கூடியதற்கு வழங்கப்பட்டது என்பது என் வாசிப்பு.

தனியாட்டக் கதையைத் திறந்தால் இது தெளிவாகும். கொள்ளைநோய் பரவிய நெவர்விண்டர் நகரம். மருந்துக்குத் தேவையான நான்கு உயிரினங்கள் தப்பியோடிவிட்டன. நகரின் நான்கு பகுதிகளில் அவற்றைத் தேடி மீட்க வேண்டும். சிறைப்பகுதி, பிச்சைக்காரர் குடியிருப்பு, துறைமுகம், செல்வந்தர் வட்டாரம். எதை முதலில் முடித்தாலும் ஒன்றுதான். அடுத்த இயல்களிலும் இதே ‘இத்தனை பொருள் சேர்த்து வா’ அமைப்பு தொடர்கிறது. காட்சிகள் சதுர ஓடுகளைப் பதித்ததுபோல் அடுக்கப்பட்டவை. அதே ஓடுகள்தாம் கருவித்தொகுப்பின் வழியே வாங்கியவர் கைக்கும் வந்தன. கதை கதையாக மட்டும் இல்லை. கருவியால் என்னென்ன கட்டலாம் என்று காட்டும் மாதிரி வீடாகவும் இருந்தது.

இதைவிட முக்கியமானது துணைவர் பிரச்சினை. இதே நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட்’ (1998) விளையாட்டில் ஆறு பேர் கொண்ட குழுவை ஒருவரே நடத்துவார். அவர்கள் தமக்குள் பேசுவார்கள், சண்டையிடுவார்கள், பிரிந்தும் போவார்கள். 2002இல் ஒரு நேரத்தில் கூலித்துணைவர் ஒருவர் மட்டுமே. காரணம் எளிது. ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருப்பார் என்ற எண்ணத்தில் எழுப்பப்பட்ட அமைப்பு அது. தனியே ஆடுபவர், மற்றவர்களுக்காகப் போடப்பட்ட காலி நாற்காலிகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார்.

எனவே, 2002இன் தனியாட்டம் தனியொரு பொருளாக நின்று முழு விலைக்குத் தகுந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே என் விடை. 2003 ஆகஸ்டில் வந்த மேக் பதிப்பு இதற்கு நல்ல உரைகல். அதில் கருவித்தொகுப்பு இல்லை. விண்டோஸில் வாங்கியவரிடம் பட்டறை இருந்தது. மேக்கில் வாங்கியவரிடம் பட்டறையின் மாதிரிப் பொருளும், பிறர் செய்து தருவதை ஆடும் வாய்ப்புமே இருந்தன. ஆனால் அதே 2003 டிசம்பரில் வந்த ‘ஹோர்ட்ஸ் ஆஃப் தி அண்டர்டார்க்’ விரிவாக்கம் இருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லவிட்டது. கதையின் கட்டுக்கோப்பும் வேறு தரம். கூடுதல் செலவு செய்த பிறகே தனியாட்டக்காரர் முதலில் எதிர்பார்த்தது கிடைத்தது.

கணக்கு இதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. வாங்கியவர்கள் பட்டறையைத் திறந்தார்கள். ‘நெவர்விண்டர் வால்ட்’ தளத்தில் ஆயிரக்கணக்கான ஆக்கங்கள் குவிந்தன. கூட்டாட்டத்தை முன்னிறுத்திச் செய்த கருவியால் அவர்களில் பலர் உருவாக்கியவை தனியே ஆடும் கதைகள்! நிரலெழுதி, உரையாடல் கிளைகளைப் பின்னி, ஆண்டுக்கணக்கில் உழைத்து இலவசமாகக் கொடுத்தார்கள். விற்பதற்கு உரிமம் இடம் தரவில்லை. நிறுவனம் விற்ற பெட்டியின் மதிப்பு, அந்த நிறுவனத்திடம் ஊதியம் பெறாதவர்களால் ஆண்டுதோறும் உயர்ந்தது. ‘விலைக்குத் தகுமா’ என்ற கேள்வியில் இந்த உழைப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வாங்கியவருக்குக் கிடைத்த வரவு என்று எழுதினால், அது யாருடைய செலவு என்றும் எழுத வேண்டும். விளையாட்டாய்வுத் துறை இதை ரசிகர் பண்பாடு என்ற இனிய பெயரில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

2012 இறுதியில் கேம்ஸ்பை சேவை இந்த விளையாட்டுக்கான ஆதரவை நிறுத்தியது. எந்தெந்த சர்வரில் ஆட்டம் நடக்கிறது என்று காட்டும் பட்டியல் அதோடு போயிற்று. முகவரி தெரிந்தவர்கள் நேரடியாக நுழைந்தார்கள்; மாற்று ஏற்பாடுகளையும் ரசிகர்களே செய்தார்கள். தனியாட்டத்துக்கு மட்டும் எதுவும் நேரவில்லை. 2002இல் வட்டு வாங்கியவர் அன்றிரவும் அதே நகரில் அதே நான்கு உயிரினங்களைத் தேடலாம். மற்றவை எல்லாம் வேறொருவரின் கணினி இயங்கும்வரை செல்லுபடியாகும் அனுமதிச் சீட்டுகள். வாங்கியவர் உண்மையில் கையகப்படுத்தியது தனியாட்டத்தையும் பட்டறையையும் மட்டுமே. விடியவிடிய நடந்த கூத்து விடிந்ததும் கலைந்துவிடுகிறது. அச்சிட்ட கூத்துப் பனுவல் அலமாரியில் இருக்கிறது. பனுவல் கூத்தாகாது என்பதை அறிவோம். ஆயினும் ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளர் கையில் எடுக்கக்கூடியது அதுதான்.

இந்த அளவுகோலில் வைத்தால் 2002இன் சலிப்பூட்டும் தனியாட்டத்துக்கும் ஒரு மதிப்பு ஏறுகிறது. மணிக்கு 6 டாலர் கொடுத்து ஆடப்பட்ட 1991இன் நெவர்விண்டரை இன்று அதன் மூல வடிவில் திறக்க வழியில்லை. ரசிகர்களின் மறுஆக்கங்களும் நினைவுக் குறிப்புகளுமே உள்ளன. அந்த ஆறு ஆண்டுகளில் ஆடியவர்கள் ஒருவரையொருவர் எப்படி விளித்தார்கள், எந்தச் சொற்களைச் சுருக்கினார்கள் என்று ஆராய விரும்பும் என்னைப் போன்றவருக்கு நுழைவாயிலே இல்லை. 2002இன் நெவர்விண்டரோ, 2018இல் பீம்டாக் நிறுவனம் புதுப்பித்து 19.99 டாலருக்கு விற்ற பதிப்பில், இரு விரிவாக்கங்களும் கருவித்தொகுப்பும் சேர்ந்து, எங்கள் விடுதி இணையம் அறுந்துபோகும் இரவுகளிலும் திறக்கிறது.