ஆயில் குறைந்து ஓடிய இன்ஜினில் எழும் சத்தம்: காரணத்தைக் கண்டறிதல்

ஆயில் குறைந்த நிலையில் ஓடிய கார் இன்ஜினில் சத்தம் கேட்டால், அது எந்த உறுப்பிலிருந்து வருகிறது, அந்த உறுப்பு பிழைத்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். பட்டறைகளில் இரண்டுக்கும் காதையே நம்புவது வழக்கம். ஆனால் எங்கே தேடுவது என்பதை மட்டுமே ஒலி காட்டும். சேதம் எவ்வளவு என்பதைச் சொல்பவை ஆயில் அழுத்தமும், வடிகட்டியிலும் சம்பிலும் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியிலும்) தேங்கிய உலோகமும்தான். அவற்றைப் பார்க்காமல் ஆயில் ஊற்றிவிட்டு, சத்தம் அடங்கியதும் வண்டியை எடுத்துப் போவது, பிழைத்திருக்கக்கூடிய கிராங்க்‌ஷாஃப்டைப் பல நேரங்களில் பலிகொடுத்துவிடுகிறது.

கிராங்க்‌ஷாஃப்ட் பேரிங்கில் உலோகம் உலோகத்தின்மேல் சுழல்வதில்லை. இடையில் சில மைக்ரான் தடிமனுள்ள ஆயில் படலம் தாங்கி நிற்கிறது. இதை முதலில் சோதனையில் கண்டவர் பொஷாம்ப் டவர். 1883-இல் ரயில் அச்சுப் பேரிங்குகளை அவர் ஆராய்ந்தபோது, ஆயில் விடும் துளையை அடைத்த தக்கையை ஆயிலே வெளியே தள்ளியது. பேரிங்குக்குள் சுழற்சியே பேரழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அதனால் தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதக் கோட்பாடு வகுத்தார். ஆகவே ஆயில் பம்பின் வேலை சுமையைத் தாங்குவதன்று, படலத்துக்கு இடைவிடாமல் ஆயில் ஊட்டுவது. சம்பில் மட்டம் தாழ்ந்தால், வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கிறது, ஊட்டம் அறுபடுகிறது. டாஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு பெரும்பாலான கார்களில் மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அதுவும் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்தம் இறங்கிய பிறகே எரியும். விளக்கு எரியவில்லை என்பதால் பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது. எரிந்திருந்தால், படலம் அறுந்திருக்கலாம் என்று எண்ணியே சோதனையைத் தொடங்க வேண்டும்.

நம் சாலைகளில் நன்கு அறிமுகமான 1248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஃபியட் உருவாக்கிய இதை மாருதி ‘டிடிஐஎஸ்’ என்றும் டாடா ‘குவாட்ராஜெட்’ என்றும் பெயரிட்டு விற்றன. மாருதி 2020-இல் டீசலைக் கைவிடும்வரை ஸ்விஃப்ட், டிசையர் முதலிய கார்களில் ஓடியது. சம்பில் சுமார் 3 லிட்டர் ஆயில்தான் பிடிக்கும் என்பதால், ஒரு லிட்டர் குறைந்தாலே பெரும்பங்கு போனதாகிறது. இதன் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தை நம்பியே நிற்கிறது. இதனால் ஆயில் குறையும்போது முதலில் முறையிடுபவை பெரும்பாலும் இவைதான். அட்ஜஸ்டரில் காற்று புகுந்தால் ஹெட்டிலிருந்து மெல்லிய ‘டிக் டிக்’ எழும். செயின் தளர்ந்தால் முன்பக்கத்தில் சலசலப்பு கேட்கும். சரியான ஆயிலைச் சரியான மட்டத்துக்கு நிரப்பியதும் காற்று வெளியேறி அந்த ‘டிக் டிக்’ சத்தம் சில நிமிடங்களில் ஓய்வது உண்மை. செயின் சலசலப்பு ஓயாவிட்டால், செயின் நீண்டிருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். செயின் பல் தாண்டினால் பிஸ்டன் வால்வில் மோதக்கூடும்.

கீழிருந்து வரும் கனத்த தட்டல் வேறு வகை. கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால், ‘ராடு தட்டுகிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒலி கேட்கும். ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கும்போதும் விடும்போதும் அது மாறும். கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், 800 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு வால்வின் சத்தம் வினாடிக்கு ஏழுக்கும் குறைவாகவே கேட்கும். ராடு தட்டல் பெரும்பாலும் கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றிலும் வரும். பெட்ரோல் இன்ஜினில் அந்த சிலிண்டரின் பற்றவைப்பை நிறுத்தினால் தட்டல் தணியும். அதை வைத்து சிலிண்டரை அடையாளம் காணலாம். டீசலில் இந்தச் சோதனை ஏமாற்றும். இன்ஜெக்டர் கெட்டாலும் தட்டல் எழும், அந்த இன்ஜெக்டரைத் துண்டித்தாலும் அது தணியும். எனவே டீசல் இன்ஜினில் இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வழியும் டீசலின் அளவையும் அளந்த பிறகே பேரிங்கைக் குற்றம் சாட்டலாம். விரிசல் விட்ட ஃப்ளைவீல், எக்ஸாஸ்ட் கசிவு, ஆல்டர்னேட்டர் பேரிங் ஆகியவையும் இப்படி வேடமிடும். பெல்ட்டைக் கழற்றி ஒரு கணம் ஓட்டினால் கடைசியானது தெளிவாகிவிடும்.

தேர்ந்த மெக்கானிக்கின் காதுக்கு இவையெல்லாம் தேவையில்லை என்ற வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து இடத்தைச் சுட்டும் கைவண்ணம் மதிப்புக்குரியது. ஆனால் வார்ப்பிரும்புப் பிளாக் ஒலியைத் தூரம் கடத்துகிறது. மேலும் ஈயமோ தகரமோ கலந்த மேற்பூச்சு மட்டும் தேய்ந்துபோன பேரிங் சத்தமே போடாமல் இருக்கலாம். சத்தமில்லாத சேதத்தைக் காது எப்படிக் கேட்கும்? கனமான ஆயில் ஊற்றினால் தட்டல் அடங்குகிறதே என்பது இன்னொரு வாதம். அடங்கும், அழுத்தமானியின் முள்ளும் ஏறும். ஆனால் இடைவெளி அப்படியே இருக்கிறது, குளிர்ந்த இன்ஜினில் பேரிங்குக்கு ஆயில் சென்றுசேரத் தாமதமாகிறது, குறுகிய துளைகள் கொண்ட அட்ஜஸ்டருக்கும் டென்ஷனருக்கும் அது கேடு. இப்படிச் சத்தத்தை மூடுவது விற்பனைக்கு உதவலாம். வாங்குபவருக்குச் செய்யும் தீங்கு அது.

ஆகவே செய்யவேண்டியது இது. டிப்ஸ்டிக்கில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஆயிலை வடித்து, வடிகட்டியை அறுத்து அதன் காகித மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் துகள் செயின், கேம் போன்ற இரும்பு உறுப்புகளிலிருந்து வந்தது. ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுங்கினால் பேரிங் உலோகம் என்ற சந்தேகம் வலுக்கும். மினுக்கம் நிறைய இருந்தால் இன்ஜினை மீண்டும் ஓட்டவே கூடாது. வடிகட்டி சுத்தமாக இருந்து, கனத்த தட்டலும் இல்லாதபோது மட்டும் புது ஆயில் ஊற்றி, ஆயில் சுவிட்சைக் கழற்றிய இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, இன்ஜின் சூடேறிய பிறகு அளவெடுக்கலாம். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. இறுதித் தீர்ப்பு அந்தந்த இன்ஜினின் கையேட்டு அளவே. அழுத்தம் குறைந்தால் சம்பைக் கழற்றி ராடு மூடிகளைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. பேரிங் மட்டும் தேய்ந்திருந்து கிராங்க் பின் வழவழப்பாகவும் அளவு மாறாமலும் இருந்தால், புதுப் பேரிங்கோடு ஆயில் வழிகளைச் சுத்தம் செய்வது போதுமானதாகலாம். கிராங்க் பின்னில் கீறல் இருந்தால் கிராங்க்கைக் கிரைண்டிங்குக்கு அனுப்பியாக வேண்டும்; கீறலோடு அப்படியே அதன்மேல் புதுப் பேரிங் போடுவது பணத்தை வீணாக்குவது.

இவ்வளவுக்கும் முந்தியது ஓட்டுநர் செய்யவேண்டியது. சிவப்பு விளக்கு எரிந்தாலோ கீழே கனமாகத் தட்டினாலோ, பாதுகாப்பான ஓரத்தில் இன்ஜினை உடனே அணையுங்கள். சத்தத்தை மெக்கானிக்குக்குக் கேட்கவைப்பதற்காகக்கூட மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுபோங்கள்.