இரட்டை உறுப்பினர் தொகுதியும் செங்கற்பட்டும்

மாமல்லபுரத்துக் கடலோரமாகத் தெற்கே செல்லும் சாலை புதுச்சேரியைச் சென்றடைகிறது. அப்புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதும் மக்களவைக்கு ஒரே தொகுதி. மேலைக் கடற்கரையிலுள்ள மாகேயும் அதனுள் அடங்கும் என்பது வேடிக்கை. அமெரிக்க நாட்டின் வயோமிங் மாநிலமும், 1890இல் மாநிலமான நாள் முதல் தன் பரப்பு முழுவதற்கும் ஒரே பிரதிநிதியைத்தான் அனுப்பி வருகிறது. குடித்தொகை சிறிதாயின் இது இயல்பே. ஆனால் பரந்த தொகுதி ஒன்றிலிருந்து ஒருவர்க்கு மேற்பட்டோரைத் தேர்ந்தெடுப்பதானால், எண்ணிக்கையில் குறைந்தோர் கதி யாது? இவ்வினாவைப் பற்றி வழக்காடிய பெருமக்களுள் இருவர் செங்கற்பட்டு மாவட்டத்து மண்ணில் தோன்றியவர்கள்.

இம்மாவட்டத்தின் தேர்தல் வரலாறு என்றவுடன் உத்தரமேரூர்க் குடவோலையை எடுத்துக்கொள்வது வழக்கம். முதற் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து ஓலையிட்டு உறுப்பினரைத் தெரிந்தனர். பெருமைக்குரிய செய்திதான். எனினும் நிலமும் கல்வியும் உடையார்க்கே அவ்வோலையில் இடம் உண்டு என்பதையும் அக்கல்வெட்டே கூறுகிறது. வயலில் உழைத்தவன் பெயர் குடத்துள் புகவில்லை.

அவ்வுழைப்பாளியின் நிலையை அரசினர் ஏட்டில் விரிவாகப் பதிந்தவர், 1891இல் இம்மாவட்டக் கலெக்டராயிருந்த திரெமென்கீர். செங்கற்பட்டுப் பறையர்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கையின் பயனாக 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படுவது அதன் வழி வந்ததே. நிலம் ஏட்டில் கிடைத்தது. சட்டசபையில் வாய் கிடைக்கவில்லை.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920இல் அமைந்த சென்னைச் சட்டசபையில், 61 தொகுதிகளிலிருந்து 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒரு தொகுதிக்கு ஒருவர்தாம் என்ற கட்டு அப்பொழுது இல்லை என்பதை இக்கணக்கே காட்டும். ஆனால் வாக்குரிமை சொத்துடையார்க்கும் வரி செலுத்துவோர்க்குமே உரியதாயிருந்தது. ஆகவே ஆதிதிராவிடர் நியமனத்தின் வழியே உள்ளே வரவேண்டியிருந்தது. அவ்வாறு வந்தவர் பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜா. 1923இல் வந்தவர் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லார்க்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சீனிவாசன் 1924இல் அச்சபையில் கொண்டுவந்தார்.

நியமனம் என்பது பிறர் தரும் இடம். தேர்தல் என்பது தாமே பெறும் இடம். அதை எங்ஙனம் பெறுவது என்பதில் இவ்விருவரும் வேறுபட்டனர். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்த சீனிவாசன் தனித்தொகுதி வேண்டினார்: தம் மக்கள் மட்டுமே வாக்களித்துத் தம்மவரை அனுப்பவேண்டும் என்பது அதன் பொருள். ராஜாவோ 1932இல் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து, கூட்டுத் தொகுதியில் ஒதுக்கப்பட்ட இடங்களே போதும் என்றார். அண்டை வீட்டாரோடு பகைத்து ஊரில் வாழமுடியாது என்ற கவலையை ராஜாவிடம் காண்கிறோம்; அண்டை வீட்டாரை நம்பி ஏமாந்த அனுபவத்தைச் சீனிவாசனிடம் காண்கிறோம். எவர் கூற்றையும் எளிதாகத் தள்ளுவதற்கில்லை. காந்தியடிகளின் உண்ணாநோன்பின்போது, 1932 செப்டம்பர் 24இல் எழுந்த புனா ஒப்பந்தத்தில் இருவரும் கையொப்பமிட்டனர். கூட்டுத் தொகுதியே நிலைத்தது.

அதன் பின்வந்த வடிவந்தான் இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் மக்களவைக்கு இந்தியா முழுவதும் 86 தொகுதிகள் இவ்வகையின. வாக்காளர் கையில் இரண்டு வாக்குச் சீட்டுகள். இரண்டையும் ஒருவர்க்கே இடலாகாது. ஓரிடம் பொது, மற்றையது ஒதுக்கப்பட்டது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருவள்ளூர் அத்தகைய தொகுதி. மரகதம் சந்திரசேகர் அங்கிருந்து மக்களவை புகுந்தார். எல்லாச் சாதியாரிடமும் வாக்குக் கேட்டே ஒதுக்கிய இடத்தையும் பெறவேண்டும். பரப்போ பெரிது, செலவோ மிகுதி.

1957இல் ஆந்திரத்துப் பார்வதிபுரத்தில் எதிர்பாராதது நிகழ்ந்தது. ஒதுக்கிய இடத்திற்குரிய பழங்குடியினர் இருவரும் முன்னணியில் வர, பொது இடமும் அவர்களுள் ஒருவர்க்கே சென்றது, வி. வி. கிரி தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் முடிவு மாறவில்லை. 1961இல் இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. அமெரிக்கக் காங்கிரசும் 1967இல் தொகுதிக்கு ஒருவரே என விதித்தது. ஆனால் அங்கே மாநிலம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கிக் கறுப்பின மக்களின் வாக்கை மூழ்கடித்துவிடுவர் என்ற அச்சம் ஒரு காரணம். அங்கே கூட்டுத் தொகுதி எளியோரை மறைக்கும் திரையாகக் கருதப்பட்டது. இங்கே அதுவே அவர்க்குத் திறந்த வாயிலாயிற்று.

செங்கற்பட்டு மக்களவைத் தொகுதியோ பொதுத் தொகுதியாகவே வாழ்ந்தது. 1952இல் ஓ. வி. அழகேசன் வென்றார். இரயில்வே துணை அமைச்சராயிருந்த அவர் காலத்தில், 1956இல் அரியலூர் விபத்து நேர்ந்தது; மறு ஆண்டு சுயேச்சையான ஏ. கிருஷ்ணசாமி இத்தொகுதியின் உறுப்பினரானார். 1962இல் அழகேசன் மீண்டார். 1967, 1971 தேர்தல்களில் தி. மு. க.வின் சிட்டிபாபு வென்றார். நெருக்கடி நிலையில் சிறையுற்ற அவர் 1977இல் மறைந்தார். அதன் பிறகு கட்சிகள் மாறிமாறி வந்தன.

திரெமென்கீர் எழுதிய நிலக்கேள்வி இதற்கிடையே ஓயவில்லை. 1994இல் மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளர்ச்சி எழுந்தது; துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அப்பொழுதும் அப்பகுதி மக்களவையில் பொதுத் தொகுதியே. தொகுதிகளைத் திருத்தியமைத்தபின் நடந்த 2009ஆம் ஆண்டுத் தேர்தலில் செங்கற்பட்டு என்னும் பெயரே மக்களவைப் பட்டியலிலிருந்து மறைந்தது. நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த திருப்பெரும்புதூர் பொதுவாயிற்று. செங்கற்பட்டு, திருப்போரூர், மதுராந்தகம், செய்யூர் ஆகியவற்றை உள்ளடக்கிய காஞ்சிபுரம் ஒதுக்கப்பட்ட தொகுதியாயிற்று. ஓலை, சீட்டு, பொறி என்று கருவி மாறியது. திரெமென்கீர் அறிக்கை எழுதிய மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு ஆதிதிராவிடர் ஒருவரே உறுப்பினராதல் வேண்டும் என்ற விதி வர, அவ்வறிக்கைக்குப் பின் 118 ஆண்டுகள் ஆயின.