பாயும் பிரம்பும் அலுமாரிக் கதவும்



மாரி முடிந்து வெள்ளம் வடிந்ததும் நம் ஊர் ஒழுங்கைகளில் ஒவ்வொரு வருடமும் காணும் காட்சி இது. அடிப்பலகை ஊதிப் பிளந்த அலுமாரி, தலைமாட்டுப் பலகை கழன்ற கட்டில், லாச்சி இறுகிப்போன கண்ணாடி மேசை எல்லாம் வாசலில் கிடக்கும். பெரும்பாலும் மகளின் கல்யாணத்துக்குத் தவணைக்கு எடுத்தவை. சில வீடுகளில் தவணை முடியும் முன்பே சாமான் முடிந்துவிடுகிறது. இதை எறிவதா, மீண்டும் கடன்படுவதா என்று யோசிக்கும் குடும்பங்களை நினைத்தே இந்தச் சிறு வரலாற்றை எழுதுகிறோம்.

கட்டில் என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'கட்டு' என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான்கு கால், நான்கு சட்டம், நடுவில் கயிறோ வாரோ நாரோ கொண்டு பின்னிய படுக்கை. பழைய கட்டில் இவ்வளவுதான். புறநானூற்றின் 82ஆம் பாட்டில் சாத்தந்தையார் என்ற புலவர், ஒரு மன்னனின் மற்போர் வேகத்துக்கு உவமை தேடிக் கட்டில் பின்னும் தொழிலாளியிடம் போகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம், வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. அந்த அவசரத்தில் வாரை இழுத்துப் பின்னும் அவனுடைய ஊசி எவ்வளவு வேகமாக ஓடுமோ, அவ்வளவு வேகமாம் அந்தப் போர். கட்டில் பின்னுவது எல்லோரும் கண்ணால் கண்ட தொழிலாக இருந்ததால்தான் அந்த உவமை எடுபட்டது.

நம் கிழக்குக் கரையோர வீடுகளில் கட்டிலை விட முக்கியமானது பாய். குளக்கரையிலும் வாய்க்காலோரத்திலும் வளரும் பன்னை அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, சாயத்தில் அவித்து, நம் உம்மம்மாமார் தரையில் குந்தியிருந்தே பாய் இழைத்தார்கள். தறியும் இல்லை, யந்திரமும் இல்லை. பிள்ளை பிறந்தாலும் பாய், நிக்காஹ்வுக்கும் பாய், சஹன் வைத்துச் சாப்பிடவும் பாய், மையத்து வீட்டில் வந்தவர்கள் இருக்கவும் பாய். நபி (ஸல்) அவர்களின் உடம்பில் பாயின் தழும்பைக் கண்டு உமர் (ரழி) அவர்கள் அழுத செய்தி நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதுவும் ஈச்சையோலை போன்ற ஓலையால் பின்னிய பாய்தான்.

மலைநாட்டில் இதே அறிவு வேறு நாரில் வளர்ந்தது. தும்பறைப் பகுதியில் கின்னர சமூகத்தார் ஹண நாரில் நெய்த பாய்களைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலில் எழுதியிருக்கிறார். சிவப்புக்குப் பதங்கிக் கட்டையும் மஞ்சளுக்கு மரமஞ்சளும் அவர்களுடைய சாயங்கள்.

பிறகு கடல் வழியாக வேறு தளபாடம் வந்தது. அதன் தடம் நம் பேச்சில் இன்னும் இருக்கிறது. கதிரை, மேசை, அலுமாரி மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல். 1658இல் போர்த்துக்கேயரை முழுதாக வெளியேற்றிய ஒல்லாந்தர் கனமான மரத்தில் கட்டிலும் கதிரையும் செய்வித்தார்கள். ஆனால் இருக்கையையும் முதுகையும் பலகையால் அடைக்காமல் பிரம்பால் பின்னச் செய்தார்கள். காரணம் எளிது. இந்த வெக்கையில் மெத்தை வைத்த இருக்கை வியர்க்கும், பூச்சி அடையும். பிரம்புக் கண்களுக்குள்ளால் காற்று போகும். கீழைத்தேசப் பிரம்பு ஐரோப்பாவுக்கும் போய், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் வீடுகளிலும் பிரம்புக் கதிரை பரவியது. கொழும்பு புறக்கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலை இந்தக் காலத்துத் தளபாடத்துக்காகவே பெயர் பெற்றது.

அந்தப் பின்னலின் முறையில் ஒரு புத்தி இருக்கிறது. சட்டத்தைச் சுற்றித் துளை போட்டு, நெடுக்கே இரண்டு ஓட்டம், குறுக்கே இரண்டு ஓட்டம், பிறகு மூலைக்கு மூலை இரண்டு ஓட்டம் என்று இழுத்தால் எட்டுப் பக்கக் கண்கள் விழும். பிரம்பு சில வருடத்தில் தளரும், அறும். அறுந்தால் பின்னலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே துளைகளில் புதிதாகப் பின்னலாம். மரம் மூன்று தலைமுறைக்கு நிற்கும், பின்னலைத் தேவைக்கு மாற்றலாம். கயிற்றுக் கட்டிலுக்கும் இதே கணக்குத்தான். பழுதாகும் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி செய்திருந்தார்கள்.

1859இல் வியன்னாவின் தோனெட் நிறுவனம் வளைத்த மரத்தில் பிரம்பு இருக்கை வைத்து வெளியிட்ட 14ஆம் இலக்கக் கதிரை உலகமெங்கும் விற்றது. அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் பிரம்பைத் துணி போலச் சுருளாக நெய்யும் யந்திரமும் வந்தது. இன்று கடைகளில் சுருளாக விற்கும் பிரம்பு வலை அதன் வாரிசு. கையால் பின்னுவோர் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். கொழும்பு கண்டி வீதியில் வேவல்தெனியவைக் கடந்தவர்கள் அந்தக் கடை வரிசையைக் கண்டிருப்பார்கள். 'வேவல்' என்றால் சிங்களத்தில் பிரம்புதான்.

இந்த ஒழுங்கைக் குலைத்தது சிப்போட். மரத்தூளையும் சீவலையும் பசையில் அழுத்திப் பலகையாக்கும் தொழில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் ஆலை உற்பத்தியானது. மரத்தட்டுப்பாட்டுக்கு அது நல்ல விடைதான். நம் நாட்டில் 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பின் மலிவான இறக்குமதிச் சாமான்கள் வந்து குவிந்தன. பிளாஸ்டிக் பாய் பன்பாயின் இடத்தைப் பிடித்தது. பிறகு ஒட்டுப்பலகை அறைச் செட் ஓடாவியின் வேலையைப் பிடித்தது. சிப்போட் நீரைக் குடித்தால் ஊதும், ஊதினால் திரும்பாது. ஆணி கழன்ற துளையில் மறு ஆணி பிடிக்காது.

இதில் இரண்டு பக்கமும் இழப்பது நம் பெண்கள்தான். மகள் வீட்டோடு சேர்த்து அறைச் செட்டும் கொடுக்க வேண்டும் என்ற நம் வழக்கத்தில், கடன் தாயின் தலையில் விழுகிறது. நாட்கணக்காக இருந்து ஒரு பாய் இழைக்கும் ராத்தாமாருக்கோ, கேட்ட விலை கிடைப்பதில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அந்த வேலையைப் படிக்கவும் விரும்புவதில்லை.

இந்த இரண்டையும் ஒரே கதவில் சேர்க்கலாம் என்பதே நாங்கள் சொல்ல வருவது. அலுமாரிக் கதவின் சட்டம் நன்றாக இருந்து நடுப்பலகை மட்டும் கெட்டிருந்தால், அதை வெட்டி எடுத்துவிட்டுப் பன்பாயையோ பிரம்பு வலையையோ வைக்கலாம். சிப்போட்டின் ஓரம் ஆணியைத் தாங்காது. ஆகவே உட்புறம் மெல்லிய மரச்சட்டம் ஒட்டி, அதில் பாயை இறுக்குவது நல்லது. பன்னைக் காய்ந்தபடி மடித்தால் முறியும். ஈரத்துணியால் துடைத்துப் பதமாக்க வேண்டும். பிரம்பு வலையை நீரில் ஊறவைத்துப் பொருத்தினால், காயும்போது தானாகவே விறைத்துக்கொள்ளும். கட்டிலின் தலைமாட்டுக்கும் லாச்சி முகப்புக்கும் இதே வழி. ஊதிய கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்தால் அடுத்த மாரியில் தரை ஈரமும் ஏறாது. மூடிய அலுமாரியில் உடுப்புப் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும், ஏனெனில் பாய்க்கதவு மூச்சு விடும். அந்தப் பாய் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

இதை ஓர் ஓடாவியும் ஒரு பாய் இழைக்கும் தாயும் சேர்ந்து செய்யலாம். பணமும் ஊருக்குள்ளேயே நிற்கும். கல்யாணம் பேசும்போது, புதுச்செட் கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படித் திருத்திய அலுமாரியைக் குறையாக நினைக்க வேண்டாம் என்று சொல்லவும் நம் பெரியவர்கள் முன்வர வேண்டும்.

பாய்களின் கோலங்களுக்கு ஒவ்வோர் ஊரிலும் பெயர்கள் இருந்தன. உங்கள் வீட்டு மூத்தம்மாவிடம் கேட்டு அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். நம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதையே வீட்டுவேலையாகக் கொடுக்க இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.