எலுமிச்சையின் பசுங்கணிக மரபணுத்தொகுதி

எலுமிச்சை இலையில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகங்கள், செல்லின் உட்கருவிலிருந்து தனியே தமக்கென வைத்திருக்கும் டி.என்.ஏ.யின் முழுத்தொடர். ஓமன் நாட்டு எலுமிச்சையிலிருந்து படிக்கப்பட்டு 2014-இல் வெளியான இத்தொடரின் நீளம் 1,59,893 கார இணைகள். புளியங்குடி, கடையம் தோப்புகளில் காய்ப்பதும் இதே இனம்தான். அங்கிருந்து கிழக்கே கோவில்பட்டிக் கரிசலுக்கு வந்தால் பருத்தியும் சோளமும் உளுந்துமே கண்ணில் படும். மழைநீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அந்தக் களிமண் எலுமிச்சை வேருக்கு ஆகாது.

எலுமிச்சை ஒரு கலப்பினம். தாய், பிலிப்பைன்ஸ் பகுதியின் மைக்ரந்தா என்னும் சிட்ரஸ் இனம். தந்தை, சிட்ரான் எனப்படும் கடாரநாரத்தை. எலுமிச்சையும் ஆரஞ்சும் அடங்கிய சிட்ரஸ் பேரினத்தில் பசுங்கணிகம் தாய்வழியே மட்டும் இறங்குவதால், இந்தத் தொடரை எத்தனை முறை படித்தாலும் தந்தையின் தடயம் அகப்படாது. அதற்கு உட்கருவையும் பார்த்தாக வேண்டும். பசுங்கணிகத்தை மட்டும் வைத்துப் பூர்வீகம் சொல்வது பாதிக் கதைதான். சாத்துக்குடியும் அடங்கிய இனிப்பு ஆரஞ்சும் கலப்பினமே; அதன் தாய்வழி பம்பளிமாசு.

சிட்ரஸில் முதலில், 2006-இல், படிக்கப்பட்டது அந்த இனிப்பு ஆரஞ்சு: 1,60,129 கார இணைகள், 133 மரபணுக்கள். பூக்கும் தாவரங்கள் பலவற்றில் உள்ள இன்ஃப்-ஏ மரபணு இதில் இல்லை. ஆர்.பி.எல்-22 மரபணுவோ இடையிடையே நிறுத்தக் குறிகள் விழுந்து பழுதாகிக் கிடக்கிறது. ஆய்வாளர்களில் ஒருவரான ஹென்றி டேனியல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டு அவர் பங்குபெற்ற குழு பருத்தியின் தொடரையும் (1,60,301) வெளியிட்டது. கரிசல்காரர்கள் பெருமைப்பட அவசரப்பட வேண்டாம். அது அமெரிக்கப் பருத்தி, நாட்டுப் பருத்தியான கருங்கண்ணி வேறு இனம்.

இன்று பசுங்கணிகத்தைத் தனியே பிரிக்காமலும் வேலை நடக்கிறது. இலையின் மொத்த டி.என்.ஏ.யையும் துண்டுகளாகப் படித்து, அதில் மிகுந்து கிடக்கும் பசுங்கணிகத் துண்டுகளைக் கணினியில் பொறுக்கி வட்டமாகக் கோக்கிறார்கள்.

பசுங்கணிகம் மட்டுமன்றி உட்கருவும் தாயிடமிருந்தே வருவதும் எலுமிச்சையில் உண்டு. ஒரே எலுமிச்சை விதையில் இரண்டு மூன்று முளை கிளம்புவதை நாற்றங்காலில் காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தம் கலவாமல் தாய்த்திசுவிலிருந்தே எழுந்த நகல்கள். கடையம் வகையிலிருந்து பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்த பி.கே.எம். 1 போன்ற ரகங்களை விதைக்கன்று மூலமும் பெருமளவு குணம் மாறாமல் பெருக்க முடிவது இதனால்தான்.

2006-இல் இனிப்பு ஆரஞ்சைப் படித்தவர்கள் முன்வைத்த நோக்கம், இலையிலும் காயிலும் புள்ளி விழும் சொறி நோய்க்கு எதிர்ப்பைப் பசுங்கணிகத்தில் ஏற்றுவது. ஏற்றிய மரபணு மகரந்தத்தில் பரவாது என்பது அந்த வழியின் அனுகூலம். அப்படிப்பட்ட எலுமிச்சைக் கன்று எதுவும் இன்னும் தோப்புக்கு வரவில்லை.