ஈ-ரோசெட் சோதனை

ஈ-ரோசெட் சோதனை என்பது மனிதக் குருதியிலுள்ள டி செல்களைச் செம்மறியாட்டின் சிவப்பணுக்களுடன் கலந்து அடையாளம் காணும் ஆய்வக முறை ஆகும். டி செல்லைச் சுற்றிச் சிவப்பணுக்கள் ஒட்டும்போது, நுண்ணோக்கியில் அது இதழ் விரிந்த ரோசாப்பூ போலத் தெரியும். 'ஈ' என்பது சிவப்பணுவைக் குறிக்கும் எரித்ரோசைட் என்ற சொல்லின் முதலெழுத்து.

1968இல் ஜாக் மில்லரும் கிரகாம் மிட்செல்லும் லிம்போசைட்டுகளில் இரு வகை உண்டு என்பதைச் சுண்டெலிகளில் காட்டினர். எலும்பு மஜ்ஜையிலிருந்து வருபவை எதிர்ப்பொருளை உருவாக்குகின்றன. தைமஸ் சுரப்பியில் முதிர்பவை அவற்றுக்குத் துணைநிற்கின்றன. ஆனால் நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பி செல்களின் மேற்பரப்பில் எதிர்ப்பொருள் இருந்ததால் அவற்றைக் கண்டறிய வழி இருந்தது. மனித டி செல்லுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை.

வழி தற்செயலாகவே கிடைத்தது எனலாம். ஆட்டுக் குருதி அக்கால ஆய்வகங்களில் எப்போதும் இருப்பில் இருந்த பொருள். சிபிலிசு நோய்க்கான வாசர்மேன் சோதனைக்கே அது தேவைப்பட்டது. 1970இல் ராபின் கூம்சும் அவருடைய குழுவினரும், மனித லிம்போசைட்டுகளில் பல, ஆட்டுச் சிவப்பணுக்களை எதிர்ப்பொருளின் உதவியின்றியே பற்றிக்கொள்வதை அறிவித்தனர். தைமஸ் செல்களில் ஏறக்குறைய எல்லாமே ரோசெட் அமைத்தன. 1972இல் சுவீடனின் ஹான்ஸ் விக்செல் குழுவினர் இதை டி செல்லின் அடையாளமாகவே நிறுவினர்.

செய்முறை எளிது, கை மட்டும் நிதானமாக இருக்க வேண்டும். கலவையை 4 பாகை செல்சியசில் வைத்து, பின் மெதுவாகக் கலக்கி எண்ணுவர். மூன்று சிவப்பணுக்களாவது ஒட்டியிருந்தால்தான் அது ரோசெட். வேகமாகக் குலுக்கினால் பூ உதிர்ந்துவிடும், கணக்கும் பிழையாகும்.

இதன் பெரும்பயன் மஜ்ஜை மாற்று மருத்துவத்தில் கிடைத்தது. நோயெதிர்ப்பாற்றலே இன்றிப் பிறக்கும் குழந்தைகளுக்கு, திசு முழுதும் பொருந்தும் உடன்பிறந்தவர் இல்லையெனில் மருத்துவம் அரிதாயிருந்தது. பெற்றோரின் மஜ்ஜை பாதியே பொருந்தும். அதிலுள்ள டி செல்கள் குழந்தையின் உடலையே தாக்கும். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் யாயிர் ரைசுனர், ரிச்சர்ட் ஓ'ரைலி ஆகியோர் சோயா அவரைப் புரதத்தாலும் ஆட்டுச் சிவப்பணுக்களாலும் அந்த டி செல்களை நீக்கினர். ரோசெட்டுகள் கனமானவை என்பதால் அடியில் படிந்தன. மீந்த மஜ்ஜை குழந்தைகளுக்குச் செலுத்தப்பட்டது. தாயோ தந்தையோ கொடையாளராகும் வாய்ப்பு இவ்வாறு திறந்தது.

ஒட்டுவதற்கான காரணம் பின்னரே விளங்கியது. டி செல்லின் மேலுள்ள சிடி2 என்னும் புரதமே பற்றுகிறது. மனிதச் செல்களில் அதற்கு இணையான சிடி58 புரதம் உண்டென 1987இல் திமொத்தி சுபிரிங்கரின் குழுவினர் காட்டினர். ஆட்டுச் சிவப்பணுவிலும் அதன் உறவுப்புரதமே உள்ளது. உடலுக்குள் டி செல் பிற செல்களைத் தொட்டுப் பார்க்கப் பயன்படும் பிடியே சோதனைக்குழாயில் ஆட்டுக் குருதியையும் பற்றியது. ஒற்றைப்படி எதிர்ப்பொருள்களும் ஓட்டச் செல் அளவியும் பரவியபின் ஆய்வகங்கள் இச்சோதனையைக் கைவிட்டன.