செல்வர் சமைத்த சாலை

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோயில்களையும் கோட்டைகளையும் நாடிச் செல்வர். கல்வெட்டுக்களைத் தேடிப் படிப்பர். சாலையை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் சாலையும் வரலாறு கூறும். அதனை அமைத்தவர் யார், அதிற்செல்ல உரிமை பெற்றவர் யார், அதனை விட்டு ஒதுங்கி நின்றவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்போமாயின் அவ்வூர் மக்களின் வாழ்க்கை நிலை நன்கு விளங்கும். அமெரிக்க நாட்டில், நியூயார்க் நகரை அடுத்துள்ள லாங் ஐலண்டில் மோட்டார்ப் பந்தயம் தோன்றி வளர்ந்த வரலாறும், அப்பந்தயத்தின் பொருட்டு எழுந்த சாலை ஒன்றின் வரலாறும் இதற்குத் தக்க சான்றாகும். அதனை இம்மலரில் சுருங்கக் கூறுவோம்.

தீவும் செல்வரும்

லாங் ஐலண்டு என்பது நூறு மைலுக்கு மேல் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒரு தீவு. அதன் மேற்குப் பகுதி நியூயார்க் நகரோடு சேர்ந்தது. நடுவே பரந்த புல்வெளி. வடகரையில் குன்றுகளும் சோலைகளும் அமைதியான கடல் உட்குடாக்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உழவரும் மீனவருமே பெரும்பாலும் அங்கு வாழ்ந்தனர். உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைவித்துக் குதிரை வண்டிகளில் ஏற்றி நகரத்துச் சந்தைக்கு அனுப்புவது அவர்தம் தொழில். அவ்வண்டிகளின் தேவைக்கு ஏற்பவே அவர்களுடைய மண்சாலைகளும் அமைந்திருந்தன.

அக்காலத்தில் இருப்புப்பாதையாலும் சுரங்கத்தாலும் வங்கித் தொழிலாலும் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பத்தார், நகரத்தின் நெரிசலை விட்டு விலகி இவ்வடகரையில் நிலம் வாங்கலாயினர். இங்கிலாந்துப் பிரபுக்களையும் பிரெஞ்சு அரசரையும் போல வாழ வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ராஸ்லின் என்னும் இடத்தில் கிளாரன்ஸ் மக்கே என்பவர் கட்டிய ஹார்பர் ஹில் மாளிகையும், வங்கியாளர் ஆட்டோ கான் 1919-ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த ஓகேக்கா மாளிகையும் பெயர் பெற்றவை. பின்னதில் மட்டும் 127 அறைகள் உண்டு. இத்தகைய மாளிகைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தமையால் அக்கரைக்குத் 'தங்கக் கரை' என்ற பெயரே வழங்கலாயிற்று.

இச்செல்வருள் ஒருவர் இரண்டாம் வில்லியம் வாண்டர்பில்ட். 1878-இல் பிறந்தவர். கப்பலாலும் இருப்புப்பாதையாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய கார்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் கொள்ளுப்பேரர். புதிதாக வந்த மோட்டார் வண்டியில் இவருக்கு அளவிறந்த மோகம். 1904-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள், பிளாரிடா மாநிலத்துக் கடற்கரை மணலில் மெர்சிடிஸ் வண்டி ஒன்றைத் தாமே ஓட்டி, ஒரு மைல் தூரத்தை 39 வினாடியில் கடந்தார். மணிக்கு 92 மைலுக்கு மேற்பட்ட வேகம் அது. குதிரையின் வேகமே பெருவேகம் என்று எண்ணியிருந்த மக்கள் இதனைக் கேட்டு வியந்தனர்.

கிண்ணமும் கூட்டமும்

மோட்டார்த் தொழிலில் அந்நாளில் முதன்மை பெற்றிருந்தது பிரான்சு. அமெரிக்கத் தொழிலாளரும் முதலாளிகளும் அதற்கு ஈடாக வளர வேண்டுமாயின் பன்னாட்டுப் பந்தயம் ஒன்று தம் நாட்டில் நடைபெற வேண்டும் என்று வாண்டர்பில்ட் கருதினார். டிபனி நிறுவனத்தாரைக் கொண்டு வெள்ளியாற் பெரிய கிண்ணம் ஒன்று செய்வித்துப் பரிசாக அளித்தார். அதுவே வாண்டர்பில்ட் கிண்ணம் எனப்படுவது.

பந்தயத்திற்குத் தனிக்களம் அப்போது இல்லை. ஊரார் நடமாடும் சாலைகளே பந்தயப் பாதையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. உழவர் எதிர்த்தனர், நீதிமன்றத்தையும் நாடினர். சந்தைக்குச் செல்லும் வழியைச் செல்வரின் விளையாட்டுக்காக அடைப்பது முறையா என்பது அவர்கள் வினா. எனினும் அவர்கள் வழக்கு வெல்லவில்லை. நாய்களைக் கட்டி வைக்குமாறும், கோழிகளை அடைத்து வைக்குமாறும், குழந்தைகளைத் தனியே சாலைக்கு விடாதிருக்குமாறும் ஊர்தோறும் அறிவிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டன. புழுதி எழாதிருக்கச் சாலையெங்கும் எண்ணெய் தெளிக்கப்பட்டது.

1904-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் விடியற்காலையில் முதற்பந்தயம் தொடங்கிற்று. பத்துச் சுற்று, மொத்தம் ஏறத்தாழ 284 மைல். ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் பக்கத்தில் மெக்கானிக் ஒருவர் அமர்ந்து செல்வார். எண்ணெய் அழுத்துவதும், சக்கரங்களைக் கவனிப்பதும், பின்னால் வரும் வண்டியைப் பார்த்துச் சொல்வதும் அவர் கடமை. புகழ் ஓட்டுநருக்கு, இடர் இருவருக்கும் பொது. அன்று வண்டி ஒன்று கவிழ்ந்து மெக்கானிக் ஒருவர் உயிரிழந்தார். பாரிசில் வாழ்ந்த அமெரிக்கரான ஜார்ஜ் ஹீத் பிரெஞ்சுப் பானார் வண்டியில் வெற்றி பெற்றார். இரண்டாமவர் வந்து சேர்ந்ததும், மக்கள் வெள்ளம் போலப் பாதையிற் புகுந்துவிட்டமையால் பந்தயம் அத்துடன் நிறுத்தப்பட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் பிரெஞ்சு டராக் வண்டிகளே வென்றன. ஆண்டுதோறும் கூட்டம் பெருகிற்று. 1906-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டதாக அக்காலத்தார் மதிப்பிட்டனர். வேலியும் இல்லை, போதிய காவலும் இல்லை. வண்டி வரும் வரையில் பாதையின் நடுவே நின்று எட்டிப் பார்ப்பதும், வந்ததும் விலகி ஓடுவதும் பலர்க்கு வீரமாகத் தோன்றிற்று. அவ்வாண்டில் வாண்டர்பில்ட்டின் நெருங்கிய உறவினர் ஒருவர் ஓட்டிய வண்டியே மோதிப் பார்வையாளர் ஒருவர் மாண்டார். இச்செய்தி நாட்டை உலுக்கிற்று. 1907-இல் பந்தயம் நடைபெறவில்லை.

தனியார் சாலை

பொதுச் சாலையில் பந்தயம் நடத்துவது தீது என்பதை வாண்டர்பில்ட் உணர்ந்தார். மோட்டார் வண்டிக்கெனவே தனிச் சாலை அமைத்தல் வேண்டும் என்று எண்ணி, நண்பர்களுடன் கூடி ஒரு கம்பெனியைத் தொடங்கினார். 1908-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் வேலை தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் முதற்பகுதி திறக்கப்பட்டது. இதுவே லாங் ஐலண்டு மோட்டார் பார்க்வே.

இச்சாலையின் அமைப்பு அந்நாளில் முற்றிலும் புதுமையானது. இரும்புக்கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட்டுத் தளம், வளைவுகளில் வண்டி சறுக்காதவாறு வெளிப்புறம் உயர்த்திய தளம், இருபுறமும் வேலி. எல்லாவற்றிலும் சிறந்தது யாதெனில், குறுக்கே வந்த ஊர்ச் சாலைகளும் இருப்புப்பாதையும் பார்க்வேயைத் தொடாமல் பாலங்களின் மேலாகவோ கீழாகவோ சென்றன. இதற்கென 65 பாலங்கள் கட்டப்பட்டன. சந்திப்பே இல்லாத விரைவுச் சாலை என்று இன்று உலகெங்கும் அமைப்பதற்கு இது முன்னோடி எனலாம். ஆங்காங்கே சுங்கச் சாவடிகள் இருந்தன. சாவடிக் காவலர் குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்தனர்.

பார்க்வேயின் ஒரு பகுதியையும் ஊர்ச் சாலைகளையும் இணைத்து 1908-இல் மீண்டும் பந்தயம் நடந்தது. ஜார்ஜ் ராபர்ட்சன் என்பவர் 16-ஆம் எண்ணுடைய லோகோமொபைல் வண்டியில் மணிக்கு 64 மைல் சராசரி வேகத்தில் ஓடி வென்றார். அமெரிக்க வண்டி ஒன்று அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதன்முறை. எந்த நோக்கத்தோடு பந்தயம் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கம் நான்காம் பந்தயத்தில் நிறைவேறியது. 1909-இலும் 1910-இலும் ஹாரி கிராண்ட் என்பவர் ஆல்கோ வண்டியில் வென்றார்.

ஆயினும் சாவு பந்தயத்தை விட்டு நீங்கவில்லை. பார்க்வேயில் வேலி இருந்ததேயன்றி, ஊர்ச் சாலைப் பகுதிகளில் பழைய நிலையே நீடித்தது. 1910-இல் மெக்கானிக்குகள் இருவர் உட்படச் சிலர் மடிந்தனர், பலர் காயமுற்றனர். அதன் பிறகு பொதுச் சாலைகளில் மோட்டார்ப் பந்தயம் நடத்துவதை நியூயார்க் மாநிலம் தடை செய்தது. கிண்ணம் 1911-இல் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகருக்குச் சென்றது. லாங் ஐலண்டில் ஏழாண்டுப் பந்தய வரலாறு அதனோடு முடிவுற்றது.

பந்தயம் போயிற்று, சாலை நின்றது. மேற்கே குவீன்ஸ் முதல் கிழக்கே ராங்கான்கோமா ஏரிவரை 45 மைல் தூரம் அது நீண்டது. இதிற்செல்லத் தொடக்கத்தில் 2 டாலர் சுங்கம். 1914-இல் ஹென்றி போர்டு தம் தொழிலாளர்க்கு நாட்கூலி 5 டாலர் என அறிவித்தபோது அது பெருங்கூலி என்று நாடே வியந்தது. ஆகவே இச்சாலை யாருக்காக என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாளிகையிலிருந்து நகருக்கும், நகரிலிருந்து மாளிகைக்கும் செல்வோர்க்கு உகந்த வழியாக அது விளங்கிற்று. உழவர் தம் வண்டிகளோடு பழைய மண்சாலையிலேயே சென்றனர்.

வளைந்த சாலை

காலம் மாறியது. போர்டு வண்டிகள் பெருகின. நடுத்தரக் குடும்பத்தாரும் மோட்டார் வாங்கினர். ஞாயிறுதோறும் கடற்காற்று வாங்க வேண்டும் என்று நகர மக்கள் விரும்பினர். ராபர்ட் மோசஸ் என்பவர் 1924 முதல் லாங் ஐலண்டு மாநிலப் பூங்காக் குழுவின் தலைவராயிருந்து, பொதுமக்களுக்கெனப் பூங்காக்களும் சுங்கமில்லாத சாலைகளும் அமைக்க முற்பட்டார். வடகரை மாளிகைகளின் ஊடே வடக்கு மாநிலப் பார்க்வே என்னும் சாலையை இடத் திட்டமிட்டார். செல்வர் வெகுண்டெழுந்தனர். பல்லாண்டு வழக்காடினர். முடிவில் அச்சாலை மாளிகைகளைத் தவிர்த்துத் தெற்கே சில மைல் வளைந்து சென்றது.

இதனோடு தொடர்புடைய செய்தி ஒன்றை, 1974-இல் வெளிவந்த மோசஸ் வரலாற்று நூலில் ராபர்ட் காரோ விரிவாக எழுதியுள்ளார். ஆட்டோ கான் தம் கால்ப் மைதானத்தைச் சாலை ஊடறுக்காதிருக்க, நில அளவைச் செலவுக்கென 10,000 டாலர் அளித்தார். சாலை நகர்ந்தது, நகர்ந்த சாலை எளிய உழவரின் வயல்களை ஊடறுத்தது. தம் வயலைக் காக்க அவ்வுழவர் மன்றாடியும் பயன் விளையவில்லை. பொதுமக்களுக்கென எழுந்த சாலையிலும் எளியோர்க்கு நீதி கிட்டவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

இலவசமான புதிய சாலை வந்தபின் சுங்கம் கொடுத்துப் பழைய சாலையில் செல்வார் யார்? சுங்கத்தை 40 காசாகக் குறைத்தும் வண்டிகள் வரவில்லை. வரிப்பாக்கி ஏறிற்று. 1938-ஆம் ஆண்டில் வாண்டர்பில்ட் கம்பெனியார் பாக்கிக்கு ஈடாகச் சாலையையே அரசினரிடம் ஒப்படைத்துவிட்டனர்.

எஞ்சி நிற்பவை

மாளிகைகளின் நிலையும் அவ்வாறே ஆயிற்று. வருமான வரியும், 1929-ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியும், பணியாளர்க்குக் கொடுக்க வேண்டிய கூலி உயர்வும் அவற்றைச் சாய்த்தன. ஹார்பர் ஹில் இடிக்கப்பட்டது. சில மாளிகைகள் பூங்காவாகவும் பள்ளியாகவும் மாறின. சென்டர்போர்ட் என்னும் ஊரிலிருந்த வாண்டர்பில்ட்டின் மாளிகை, அவர் 1944-இல் மறைந்தபின், 1950-இல் பொதுமக்களுக்கான காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது.

பந்தயப் பார்வையாளர் மேடை இருந்த புல்வெளிப் பகுதியில் 1947 முதல் லெவிட்டவுன் என்னும் குடியிருப்புக் காலனி எழுந்தது. போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கென, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள் 17,000-க்கு மேல் கட்டப்பட்டன. எளியோர்க்கும் வீடு கிடைத்தது என்று மகிழ்கிறோம். ஆயின் கறுப்பின மக்களுக்கு அங்கு இடமில்லை என்ற விதியும் தொடக்கத்தில் இருந்தது. அவர்களுள்ளும் போரிற் குருதி சிந்தியோர் இருந்தனர் என்பதை எண்ணுங்கால் அம்மகிழ்ச்சி குறைகிறது. வேலியைச் செல்வர் மட்டுமே இடுவதில்லை. தமக்கென ஒரு வீடு கிடைத்தவுடன் எளியோரும் இடுவர்.

பார்க்வே என்னவாயிற்று? சில பகுதிகள் வீடுகளின் அடியில் மறைந்தன. சில பகுதிகளில் மின்சாரக் கம்பங்கள் நிற்கின்றன. கிழக்கே ஒரு பகுதி பொதுச்சாலையாக அப்பெயருடனே வழங்குகிறது. கார்டன் சிட்டியில் சுங்கச் சாவடி ஒன்று இன்னும் காக்கப்படுகிறது. குவீன்சுப் பகுதியோ 1938-இலேயே சைக்கிள் பாதையாக மாற்றப்பட்டது. இரண்டு டாலர் கொடுத்தவரே செல்லக்கூடிய அப்பாதையில் இன்று சிறுவர் சைக்கிள் ஓட்டுகின்றனர். முதியோர் காலையில் உலாவுகின்றனர். கட்டணமும் இல்லை, காவலரும் இல்லை. பழைய பாலங்கள் சில அவர்களுக்கு மேலும் கீழும் உறுதியாக நிற்கின்றன.

பல மாநிலங்களிலிருந்தும் வந்து ஒரு காலனியில் ஒன்றாய் வாழும் நம் போன்றோர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. வாண்டர்பில்ட்டின் அறிவையும் துணிவையும் குறை கூறுவார் இல்லை. அவர் கண்ட சாலை முறையை உலகமே மேற்கொண்டது. ஆனால் தமக்கும் தம்மையொத்தார்க்கும் என்று அவர் இட்ட வேலி முப்பதாண்டும் நிற்கவில்லை. ஊரார் கைக்கு வந்த பகுதியே மக்கள் கால்பட்டு உயிரோடு விளங்குகிறது. நம் காலனியின் சாலையாயினும், பூங்காவாயினும், சங்கத்தின் படிப்பகமாயினும், யாவர்க்கும் திறந்திருக்கும் அளவுக்கே நிலைபெறும் என்பதை மனத்திற்கொண்டு, வருமாண்டுப் பணிகளைத் தொடங்குவோமாக.